தகுதியுள்ளோர்க்கு மட்டும்: சர்வீஸ் மேனுவல் என்னும் பிரதியை முன்வைத்துச் சில குறிப்புகள்

1

புதுக் கார் வாங்குகிறவருக்கு ஒரு புத்தகம் கொடுக்கிறார்கள். ஓனர்ஸ் மேனுவல். விளக்கை எப்படிப் போடுவது, டயரில் எவ்வளவு காற்று அடிப்பது, ஸ்டெப்னியை எப்படி மாற்றுவது என்பதெல்லாம் அதில் இருக்கும். அதற்குமேல் எதைக் கேட்டாலும் அந்தப் புத்தகத்திடம் ஒரே பதில்தான்: அங்கீகரிக்கப்பட்ட டீலரிடம் போ.

நான் எழுத வந்தது இன்னொரு புத்தகத்தைப் பற்றி. சர்வீஸ் மேனுவல் என்றும் ஒர்க்ஷாப் மேனுவல் என்றும் அதைச் சொல்கிறார்கள். பல நூறு பக்கங்கள், சில கார்களுக்கு ஆயிரத்தையும் தாண்டும். எஞ்சின், கிளட்ச், கியர்பாக்ஸ், பிரேக், மின்சாரம், பாடி என்று இயல் பிரித்து, எதை எந்த வரிசையில் கழற்றுவது, எந்த போல்ட்டை எவ்வளவு விசையில் முறுக்குவது, எந்த பாகம் எத்தனை மில்லிமீட்டர் தேய்ந்தால் தூக்கிப்போட வேண்டும் என்பதுவரை அதில் இருக்கிறது. காரை உண்டாக்கியவர்களே காரைப் பற்றி எழுதிய புத்தகம். காருக்குக் காசு கொடுத்தவர் கைக்கு அது வருவதில்லை.

இலக்கிய விமர்சனம் எழுதுகிறவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கிற நண்பர்கள் இருக்கிறார்கள். சினிமா போஸ்டரையும் சுவரெழுத்தையும் ஜவுளிக்கடை விளம்பரத்தையும் பிரதி என்று வாசித்துவிட்டோம். உழைக்கிறவர்கள் கையில் வைத்து வேலை செய்ய வேண்டிய ஒரு பிரதியை மட்டும் விட்டுவிட்டோம். அதை ஏன் விட்டோம் என்பதும் இந்தக் கட்டுரையின் கேள்விகளில் ஒன்று.

இந்த மேனுவல்களின் முன்பக்கங்களில் பெரும்பாலும் ஓர் அறிவிப்பு இருக்கும். இது எங்கள் டீலர்களுக்கும் தகுதிபெற்ற டெக்னீஷியன்களுக்கும் உரியது, பயிற்சியும் தகுந்த கருவியும் இல்லாதவர்கள் இதை வைத்துக்கொண்டு வேலையில் இறங்கக் கூடாது என்ற பொருளில். தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு இது புதிதில்லை. இது பாயிரம். நன்னூலின் பொதுப்பாயிரம் நூல் எது, ஆசிரியன் யார், மாணாக்கன் யார் என்றெல்லாம் சொல்லிவிட்டு, யாருக்கு நூலைச் சொல்லக் கூடாது என்றும் ஒரு பட்டியல் போடுகிறது. சோம்பேறி, திருடன், நோயாளி, தூங்குகிறவன் என்று போகும் அந்தப் பட்டியலில் 'ஏழை'யும் உண்டு. அங்கே அந்தச் சொல்லுக்குப் பேதை என்று பொருள் கொள்ளலாம்தான். ஆனால் அறிவில்லாதவனுக்கும் காசில்லாதவனுக்கும் ஒரே சொல் வழங்கிவந்த மொழி நம்முடையது என்பதை மறந்துவிட்டு அதை வாசிக்க முடியவில்லை.

பதின்மூன்றாம் நூற்றாண்டு பவணந்திக்கும் இன்றைய கார் கம்பெனிக்கும் முடிச்சுப் போடுகிறேன் என்று நினைக்க வேண்டாம். வாசகனைத் தேர்ந்தெடுக்கிற வேலையைப் பிரதி தன் வாசலிலேயே செய்துவிடுகிறது, அந்தத் தேர்வு தகுதி என்ற பெயரில் நடக்கிறது. இவ்வளவுதான் நான் சொல்ல வருவது.

2

என்னிடம் ஒரு பழைய கார் இருக்கிறது. மூன்று சிலிண்டர், பெட்ரோல். கம்பெனி பெயரைச் சொல்லவில்லை. சொன்னால் கட்டுரை நுகர்வோர் புகாராகிவிடும்.

அந்தக் காருக்கு மேனுவல் தேடி அலைந்தேன். பாண்டிச்சேரி ஞாயிறு சந்தையிலும், திருவல்லிக்கேணி பைகிராப்ட்ஸ் ரோடு நடைபாதையிலும், பாகங்கள் வாங்கப் போகும்போது புதுப்பேட்டையிலும். பாகம் கிடைத்தது, புத்தகம் கிடைக்கவில்லை. கடைசியில் ஒரு நண்பர் பென்டிரைவில் கொடுத்தார். யாரோ எங்கோ ஸ்கேன் செய்த பி.டி.எஃப். சில பக்கங்கள் கோணல், சில பக்கங்கள் இல்லவே இல்லை. திண்டிவனத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்து ஸ்பைரல் போட்டுக்கொண்டேன். ஏடு தேடி அலைந்தவர்களின் கதைகளைப் படித்து வளர்ந்தவர்கள் நாம். செல்லரித்த ஏட்டுக்கு இருக்கிற மரியாதை செல்லரித்த பி.டி.எஃபுக்கு இன்னும் வரவில்லை.

ஒரு நாள் ரேடியேட்டர் ஃபேன் ஓடவில்லை. வண்டி சூடாகிறது. புத்தகம்தான் இருக்கிறதே என்று வீட்டு வாசலிலேயே பானெட்டைத் திறந்தேன். ஃபேன் மோட்டாருக்கு இரண்டு வயர், ஒன்று கறுப்பு, ஒன்று நீலம். மேனுவலின் வயரிங் படத்தில் 'பி' என்ற எழுத்துப் போட்ட வயர் எர்த்துக்குப் போகிறது. 'பி' என்றால் புளூ. ஆக நீலம் எர்த், மிச்சமிருக்கிற கறுப்பு சப்ளை. மோட்டார் நல்லா இருக்கிறதா என்று பார்க்க, பேட்டரி பாசிடிவிலிருந்து ஒரு துண்டு வயரை எடுத்துக் கறுப்பில் தொட்டேன். ஒரு பொறி. அடுத்த நொடி வயரின் மேல்தோல் கையிலேயே உருகி இரண்டு விரல் பொத்துவிட்டது.

ஜப்பானிய வழக்கத்தைப் பின்பற்றும் வயரிங் படங்களில் 'பி' என்றால் பிளாக். நீலத்துக்கு 'எல்'. இதைச் சொல்லும் குறியீட்டுப் பட்டியல் மேனுவலில் தனிப் பக்கமாக வரும். எனக்குக் கிடைத்த நகலில் அந்தப் பக்கம் இல்லை. இல்லை என்பதும் எனக்குத் தெரியவில்லை. ஏனென்றால் ஆங்கிலம் தெரிந்தவனுக்கு 'பி' என்றால் என்னவென்று யாரும் சொல்ல வேண்டியதில்லை என்ற திமிர் எனக்கு இருந்தது. குறிப்பானுக்கும் குறிப்பீட்டுக்கும் உள்ள உறவு இடுகுறித்தன்மை உடையது என்று சசூரை முன்னிறுத்திக் கூட்டங்களில் பேசியிருக்கிறேன். அது விரலில் ஏறியது அன்றைக்குத்தான்.

வண்டியை ஆற ஆற விட்டு, ஏறத்தாழ 40 கிலோமீட்டர் ஓட்டி, விழுப்புரத்தில் எனக்குத் தெரிந்த ஷெட்டுக்குக் கொண்டுபோனேன். அந்த மெக்கானிக்கை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அவருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். அவர் என்னை சார் என்பார். விரலைப் பார்த்துச் சிரித்தார். "கறுப்பு எர்த்துன்னு ஷெட்டுல ஸ்பேனர் எடுத்துக் குடுக்கிற பையனுக்கும் தெரியும் சார். இதுக்கு புஸ்தகம் வேற பார்க்கணுமா?" பத்து நிமிஷத்தில் ரிலே போயிருப்பதைக் கண்டுபிடித்து மாற்றினார்.

எழுத்தைத் தோற்கடித்த கை. கட்டுரை இந்த இடத்தில் முடிந்திருந்தால் நமது வட்டத்தில் எல்லோருக்கும் பிடித்திருக்கும். முடியவில்லை. வண்டியை எடுக்கும்போது அவர் கேட்டார்: "அந்த புஸ்தகத்த ஒரு நாள் குடுங்க சார். நானும் ஒரு காப்பி போட்டுக்கறேன்."

3

தொண்ணூறுகளின் சிறுபத்திரிகைகளைப் பழைய இதழ்களாகத் தேடிப் படித்தவன் நான். வாய்மொழி மரபு, எழுத்தின் வன்முறை, விளிம்பின் அறிவு ஆகிய சொற்களை அங்கிருந்துதான் பெற்றேன். நாட்டார் வழக்காறுகளையும் தலித் பண்பாட்டையும் பேசுவதற்கு அந்தச் சொற்கள் தேவைப்பட்டன. அந்தத் தேவையை மறுக்க மாட்டேன். ஆனால் அந்தச் சொற்கள் சலுகைபோல ஒரு பழக்கத்தையும் நமக்குக் கொடுத்துவிட்டன. எழுத்தில்லாத அறிவைக் கண்டால் உடனே கும்பிடுவது. அதைக் கும்பிடுகிறவன் எழுத்து தெரிந்தவன் என்பதைக் கவனிக்காமல் இருப்பது.

ஷெட்டில் தொழில் எப்படிக் கைமாறுகிறது? அண்ணன் எண்பதுகளின் நடுவில், பன்னிரண்டு வயதில், ஸ்கூலை விட்டு ஒரு ஷெட்டில் சேர்ந்தவர். அம்பாசிடரும் டீசல் ஜீப்பும் வரும் ஷெட். முதல் வருஷம் பாகங்களைப் பெட்ரோலில் கழுவுகிற வேலை. பிறகு ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பது: பத்து-பதினொண்ணு, பன்னெண்டு-பதிமூணு. தப்பாக எடுத்துக் கொடுத்தால் அதே ஸ்பேனரால் முட்டியில் ஓர் அடி. இதெல்லாம் நாம் எதிர்பார்க்கிறதுதான். நான் எதிர்பார்க்காதது அவர் அடுத்துச் சொன்னது.

"டைமிங் வைக்கும்போது மட்டும் பெரியவரு எங்களை டீ வாங்க அனுப்பிடுவாரு சார். டிஸ்டிரிபியூட்டரை எவ்ளோ திருப்பறாரு, பாயிண்ட்டுல எவ்ளோ கேப் வெக்கறாரு, எதையும் பார்க்க விட மாட்டாரு. டீ வாங்கினு வந்தா வண்டி ஸ்டார்ட்ல நிக்கும். மூணு வருஷம் டீ வாங்கினேன்."

பிறகு ஒரு நாள், டீக்கடையில் தூக்கை வைத்துவிட்டு ஓடிவந்து, தகரத் தடுப்பின் ஓட்டை வழியே பார்த்துக் கற்றுக்கொண்டதாகச் சொன்னார்.

வாய்மொழி மரபு என்று நாம் கொண்டாடும் இடத்தில் ஒரு தூக்குப் பாத்திரம் இருக்கிறது. பெரியவரைக் குறை சொல்வதில் பொருளில்லை. பையன் எல்லாம் கற்றுக்கொண்டால் அடுத்த வருஷம் எதிர்ப்புறம் ஷெட் போடுவான், இவர் பிழைப்பு போகும். அவர் மறைத்ததற்கும் கம்பெனி மறைப்பதற்கும் அளவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் இருக்கிறது. மறைக்கிற உத்தி மட்டும் ஒன்றுதான். வாய்மொழி, எழுத்து என்ற இருமையை வைத்துக்கொண்டு ஆராய்ந்தால் இது பிடிபடாது. எந்த அறிவுக்கும் ஒரு வாசல் உண்டு, அந்த வாசலில் யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள். அது நாவில் இருக்கிறதா தாளில் இருக்கிறதா என்பது அடுத்த கேள்விதான்.

பிரெஞ்சுக் கலைக்களஞ்சியத்தை நினைத்துப் பார்க்கலாம். 1751க்கும் 1772க்கும் இடையில் வந்த அதன் முதல் பதிப்பில் பதினேழு தொகுதி எழுத்து, பதினொரு தொகுதி படங்கள். தொழிற்கூடங்களின் கருவிகளையும் பாகங்களையும் தனித்தனியே பிரித்து வரைந்த அந்தப் படங்களைப் பற்றி ரொலாண் பார்த் எழுதியிருக்கிறார். தொழிற்குழுக்கள் தமக்குள்ளே பொத்திவைத்திருந்த செய்திறனைத் திதரோவும் கூட்டாளிகளும் அச்சுக்குக் கொண்டுவந்தார்கள். அது முதலாளிக்கும் பயன்பட்டது, டீ வாங்க அனுப்பப்பட்ட பையனுக்கும் பயன்பட்டிருக்கும். இரண்டையும் சேர்த்துத்தான் பேச முடியும்.

இதே பார்த் 1957இல் வந்த 'மித்தாலஜீஸ்' நூலில் சித்ரோயன் டி.எஸ். காரைப் பற்றியும் எழுதினார். வழவழப்பை முழுமையின் அடையாளமாகச் சொன்ன அவரைக் கவர்ந்தது, அந்தக் காரின் பாகங்கள் தம் வடிவத்தாலேயே ஒன்றோடொன்று பொருந்தி நிற்பதுபோன்ற தோற்றம். கண்காட்சிக்கு வந்து காரைத் தொட்டுப் பார்க்கிற கூட்டத்தின் வாசிப்பு அது. நுகர்வின் மாயத்தை அது அருமையாகப் பிடித்துவிடுகிறது. காருக்கு அடியில் மல்லாந்து படுத்திருப்பவனுக்கு வழவழப்பு தெரியாது, இணைப்பு மட்டும்தான் தெரியும். மேனுவலில் பாகங்களையெல்லாம் காற்றில் மிதக்கவிட்டு, எது எதற்குள் போகிறது என்று கோடு போட்டுக் காட்டும் படங்கள் இருக்கின்றன. வழவழப்பைக் கட்டுடைக்கிற வேலையைக் கம்பெனியே தன் உள்சுற்றுக்காகச் செய்துவைத்திருக்கிறது. விளம்பரத்தில் மூடுகிறது, மேனுவலில் திறக்கிறது. மேனுவலைப் பூட்டிவைக்கிறது.

4

அண்ணனுக்குப் புத்தகம் எதற்கு? பழைய வண்டிகளுக்குத் தேவையில்லை என்று அவரே சொல்கிறார். ஹெட் போல்ட்டை நடுவிலிருந்து ஆரம்பித்து ஓரத்துக்குப் போகிற வரிசையில், இரண்டு மூன்று சுற்றாக முறுக்க வேண்டும் என்பது எந்த மேனுவலிலும் இருக்கும். அவர் கையிலும் இருக்கிறது. எவ்வளவு இறுக்கம் என்பதையும் கை சொல்லிவிடும். ஆனால் கொஞ்ச வருஷத்துக்கு முன் ஒரு புது மாடல் வண்டிக்கு ஹெட் இறக்கி கேஸ்கட் மாற்றினார். கழற்றிய போல்ட்டுகளையே துடைத்துத் திரும்பப் போட்டார். இரண்டு மாதத்தில் கேஸ்கட் மறுபடி போய்விட்டது. அந்த எஞ்சினின் ஹெட் போல்ட் ஒரே தடவை பயன்படுகிற வகை. குறிப்பிட்ட விசையில் முறுக்கியபின் இத்தனை டிகிரி என்று கோணக் கணக்கில் இன்னும் திருப்ப வேண்டும். அப்படித் திருப்பும்போது போல்ட் இழுபட்டு நீளும். கழற்றினால் புதிதுதான் போட வேண்டும். இதைக் கை சொல்லாது. புத்தகம்தான் சொல்லும். இரண்டாவது கேஸ்கட்டுக்கும் கூலிக்கும் அவர் கைக்காசைப் போட்டார்.

2020 ஏப்ரலில் பி.எஸ். 6 வந்தது. எஞ்சினில் என்ன கோளாறு என்பதை வண்டியின் கம்ப்யூட்டரே குறித்துவைத்துக்கொள்ளும் ஏற்பாடு அதற்கு முன்பிருந்தே படிப்படியாக வந்துவிட்டது. ஸ்கேனரைச் செருகினால் ஒரு கோடு வரும். 'பி-0' என்று தொடங்குபவை பெரும்பாலும் எல்லாக் கம்பெனிக்கும் பொதுவானவை. பி-0301 என்றால் எந்த வண்டியிலும் முதல் சிலிண்டரில் மிஸ்ஃபயர். ஆன்லைனில் வாங்கும் மலிவான ஸ்கேனரும் இதைச் சொல்லிவிடும். 'பி-1' என்று தொடங்குபவை கம்பெனிகள் தங்களுக்கென்று வைத்துக்கொண்டவை. அதன் பொருள் அந்தந்தக் கம்பெனியின் மேனுவலில்தான் இருக்கிறது.

இதற்கு இலக்கணத்தில் பெயர் இருக்கிறது. குழூஉக்குறி. பொற்கொல்லர் தங்களுக்குள் பொன்னைப் 'பறி' என்பார்கள் என்று வகுப்பில் உதாரணம் படித்தோம். முன்னால் நகைக்கு வந்தவர் நின்றுகொண்டிருக்கிறார், அவருக்குப் புரியக் கூடாது. குழூஉக்குறியைத் தகுதி வழக்கில் சேர்த்திருப்பதையும் கவனிக்கலாம். மறைப்பதற்கு இலக்கணம் வைத்த பெயர் தகுதி.

என் காரிலேயே ஒரு தடவை எஞ்சின் விளக்கு எரிந்தபோது ஒரு சர்வீஸ் சென்டருக்குப் போயிருந்தேன். கம்ப்யூட்டரில் செருகிப் பார்த்த இளைஞர், என்ன கோடு என்று நான் எட்டிப் பார்த்ததும் ஸ்கிரீனை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். மரியாதையான பையன். "அது உங்களுக்குப் புரியாது சார்" என்றார். ஒரு பாகத்தையே முழுசாக மாற்ற வேண்டும் என்று பெரிய தொகை எழுதிக் கொடுத்தார்கள். விழுப்புரத்தில் அண்ணன் ஒரு கனெக்டரைப் பிடுங்கி, பச்சை பூத்திருந்த பின்னைச் சுரண்டித் திரும்பச் செருகினார். விளக்கு அணைந்தது. அவருக்கு அன்றைக்கு அதிர்ஷ்டம் இருந்தது என்பதையும் சொல்லவேண்டும். கோடு தெரியாமல் அவர் அரைநாள் தேடினார். அந்த அரைநாளுக்கு என்னிடம் காசு வாங்கவில்லை. மேனுவல் மறைக்கப்படுவதன் விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதற்கு எனக்குத் தெரிந்த நேரடிக் கணக்கு இதுதான்.

இந்த விவகாரம் இந்தியாவில் ஒருமுறை விசாரணைக்கு வந்தது. 2011இல் மூன்று கார் நிறுவனங்களின் மேல் போட்டி ஆணையத்தில் புகார் கொடுக்கப்பட்டது. உதிரிபாகமும் டயக்னாஸ்டிக் கருவியும் தொழில்நுட்பக் கையேடுகளும் தங்கள் டீலரைத் தவிர வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் செய்கிறார்கள் என்பது புகார். விசாரணை மற்ற கம்பெனிகளுக்கும் விரிந்தது. 2014 ஆகஸ்ட் 25 அன்று ஆணையம் பதினான்கு நிறுவனங்களுக்குச் சுமார் 2,545 கோடி ரூபாய் தண்டம் விதித்தது. பாகங்களையும் கருவிகளையும் வெளி ஷெட்டுகளுக்கும் கிடைக்கச் செய்ய வேண்டும், வெளியே வேலை பார்த்தார்கள் என்ற ஒரே காரணத்துக்காக வாரண்டியை மறுக்கக் கூடாது என்றும் சொன்னது. ஒரு கம்பெனியின் காரை வாங்கியவருக்கு அந்தக் கம்பெனியின் பாகத்தை விட்டால் வேறு வழியில்லை, ஆகவே பாகங்களின் சந்தையில் ஒவ்வொரு கம்பெனியும் தனியரசு என்பது ஆணையத்தின் வாதம். மேல்முறையீடுகளில் வழக்கு நீண்டது. 2016 டிசம்பரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் மூன்று கம்பெனிகள் விஷயத்தில் குற்றத்தை உறுதிசெய்து தண்டத்தைக் குறைத்தது.

கம்பெனிகளின் எதிர்வாதம்தான் நம்மைப் போன்றவர்கள் படிக்க வேண்டிய பகுதி. அறிவுச்சொத்து என்றார்கள், பாதுகாப்பு என்றார்கள், பயிற்சியில்லாத மெக்கானிக்கிடம் கொடுத்தால் வண்டி ஓட்டுகிறவருக்கு ஆபத்து என்றார்கள். பயிற்சிக்கான புத்தகத்தைக் கொடுக்க மாட்டோம், ஏனென்றால் அவனுக்குப் பயிற்சி இல்லை. இந்த வட்டத்தைக் கேட்டதும் நமக்கு வேறு பல வாசல்கள் நினைவுக்கு வர வேண்டும். பள்ளிக்கூட வாசல் உட்பட.

வெளிநாட்டில் இது வேறு மாதிரி நடந்திருக்கிறது. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2012 நவம்பரில் பொதுவாக்கெடுப்பு வைத்து, டீலருக்குக் கிடைக்கும் தகவலை விலைக்கு வெளி மெக்கானிக்குக்கும் கொடுத்தாக வேண்டும் என்று மக்கள் தீர்மானித்தார்கள். பிரிட்டனில் ஜான் ஹேன்ஸ் என்பவர் கம்பெனி கொடுக்கும்வரை காத்திருக்கவில்லை. காரைத் தானே முழுக்கப் பிரித்து, படமெடுத்து, திரும்பப் பூட்டி, அதையே புத்தகமாக்கினார். முதல் புத்தகம் 1966இல் வந்தது. வீட்டு வாசலில் காரைப் பிரிக்கிற தொழிலாளிக்காகவும் குமாஸ்தாவுக்காகவும் எழுதப்பட்ட மேனுவல் அது.

இந்திய அரசும் 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஒரு குழு போட்டது, அதே டிசம்பரில் ஒரு இணையவாயிலைத் திறந்தது. அந்தக் குழுவைப் போட்டது நுகர்வோர் விவகாரத் துறை. இந்தச் சொல்லாடலில் உரிமை உள்ளவர் நுகர்வோர். காரை வைத்திருப்பவர். நான். பழுதுபார்க்கிறவர் என் உரிமையை நிறைவேற்றும் மூன்றாம் நபராக வந்துபோகிறார். மேனுவல் கிடைக்கவில்லை என்றால் எனக்கு நஷ்டம் சில ஆயிரம். அவருக்குத் தொழில் போகிறது. இருந்தும் உரிமை என் பெயரில்தான் பதிவாகியிருக்கிறது.

5

மேனுவல் கிடைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லவில்லை. அதை வேதமாக வாசிக்கிறவனுக்கு விரல் பொத்துப்போகும் என்று முன்பே எழுதிவிட்டேன்.

அந்தப் பிரதியில் அடிக்கடி கண்ணில்படும் வினைச்சொல் 'மாற்று'. அளந்து பார், வரம்பைத் தாண்டியிருந்தால் மாற்று. ஷெட்டில் அடிக்கடி காதில்விழும் வினைச்சொல் வேறு: 'சரி பண்ணு'. லேத்தில் கொடுத்து புஷ் போட்டு, உடைந்ததை வெல்டு வைத்து, வேறு வண்டியின் பாகத்தைக் கொஞ்சம் ராவிப் பொருத்தி. மேனுவல் கற்பனை செய்யும் உலகத்தில் எல்லாப் பாகமும் ஸ்டாக்கில் இருக்கிறது, எல்லாக் கருவியும் எண்போட்டுச் சுவரில் தொங்குகிறது, வண்டி லிஃப்டில் ஏறி நிற்கிறது. திண்டிவனம்–விழுப்புரம் சாலையோரம் புளியமர நிழலில் மேனுவலின் வாக்கியங்கள் அப்படியே நடைமுறைக்கு வராது. அவற்றை எதிர்வாசிப்புச் செய்தாக வேண்டும். எந்த இடத்தில் 'மாற்று' என்பது பாதுகாப்புக்காகச் சொல்லப்படுகிறது, எந்த இடத்தில் வியாபாரத்துக்காக? பிரேக்கிலும் ஸ்டியரிங்கிலும் முன்னது. வேறு பல இடங்களில் பின்னது. இந்த வேறுபாட்டைப் பிரதி சொல்லாது. இருபது வருஷம் வண்டி பிரித்தவர் சொல்வார்.

அலகுகளும் அப்படித்தான். பழைய புத்தகங்கள் முறுக்கு விசையைக் கிலோகிராம்-மீட்டரில் சொல்கின்றன, புதியவை நியூட்டன்-மீட்டரில். ஒரு கிலோகிராம்-மீட்டர் என்பது 9.8 நியூட்டன்-மீட்டர். இரண்டையும் அடுத்தடுத்த பத்தியில் அச்சடித்திருப்பார்கள். பத்தி மாறிப் படித்தால் போல்ட் துண்டாகும். பாடபேதம் என்று நாம் சொல்வது இங்கே எஞ்சின் பிளாக்குக்குள் முறிந்து நிற்கும் போல்ட்.

அண்ணன் போட்டுக்கொண்ட காப்பியைப் போன மாதம் பார்த்தேன். ஓரங்களில் பால்பாயிண்ட் பேனாவால் எழுதியிருக்கிறார். 'இத கழட்ட வேணாம் ரேடியேட்டர இறக்காமலே வரும்.' 'இந்த டூல் இல்லன்னா 17 பாக்ஸ் போதும்.' ஓரிடத்தில் கேள்விக்குறி மட்டும். நான் படித்துப் புரியவைக்க வேண்டிய இடமாம். மூலம் ஆங்கிலம், உரை விழுப்புரம். மூலத்தை மறுக்கிற உரை, மூலத்துக்கு இல்லாத வழக்கைச் சேர்க்கிற உரை, புரியாத இடத்தில் புரியவில்லை என்று சொல்கிற உரை. நமது ஆய்வேடுகளில் இந்த மூன்றாவது வகையை நான் பார்த்ததில்லை.

6

தமிழில் இதெல்லாம் வராது என்பவர்களுக்குப் பதில் சொல்லும் காலம் போய்விட்டது. சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் சொல்லிக்கொடுத்து, உடற்கூறு முதல் ரண வைத்தியம்வரை பாடநூல்களைத் தமிழாக்கினார். இன்று சென்னை கிண்டியில் இருக்கும் தேசியப் பயிற்றுக்கருவி நிறுவனம் ஐடிஐ பாடங்களைத் தமிழிலும் அச்சிடுகிறது. ஆனால் அவை பொதுப்பாடம். இந்த மாடல், இந்த எஞ்சின், இந்த வயர் என்று சொல்வது கம்பெனி மேனுவல்தான்.

தமிழ் என்றவுடன் 'கிளட்ச்'சுக்குத் தனித்தமிழ்ச் சொல் தேட ஆரம்பித்துவிடக் கூடாது. கிளட்ச் ஷெட்டில் தமிழ்ச் சொல்தான். வேண்டியது வாக்கியம். 'கழற்றுவதற்கு முன் இதைச் செய்', 'இதைத் திரும்பப் போடாதே' என்கிற வாக்கியம். படமும் போதும் பல இடங்களில். அமெரிக்க ராணுவம் 1951இலிருந்து வண்டிப் பராமரிப்புக்கென்றே ஒரு மாத இதழ் நடத்தியது. வில் ஐஸ்னர் என்ற காமிக்ஸ் ஓவியர் இருபது ஆண்டு அதற்குப் படம் போட்டார். கையேட்டைப் புரட்ட விரும்பாத சிப்பாய் காமிக்ஸைப் படிப்பான் என்பது கணக்கு. டாங்கி ஓடுவதற்காக ராணுவம் இவ்வளவு யோசிக்கும்போது, ஷெட் ஓடுவதற்காக நாம் யோசிப்பதில் தவறில்லை.

சாதி ஒழிப்பு பற்றிய உரையில் அம்பேத்கர், சாதி வேலையை மட்டுமல்ல, வேலை செய்கிறவர்களையே பிரித்துவைக்கிறது என்றார். நம்மூரில் அந்தப் பிரிவின் பழைய கோடு எழுத்துக்கும் கைக்கும் நடுவில் ஓடுகிறது. எழுத்து தெரிந்தவன் கை அழுக்காகக் கூடாது, கை அழுக்கானவனிடம் எழுத்து போகக் கூடாது. காரை நானே பிரிக்கப் போனபோது வீட்டில் வந்த முதல் கேள்வி, "எம்.ஏ. படிச்சிட்டு இது இன்னா வேலை?" ஷெட்டில் ஸ்பைரல் புத்தகத்தைப் பார்த்த லாரி டிரைவர் ஒருவர் அண்ணனிடம் கேட்டது, "இன்னா, படிப்பெல்லாம் பலமா கீது?" இரண்டு கேள்வியும் ஒரே கேள்விதான்.

விளிம்பின் அறிவைக் கொண்டாடுவது நமக்குச் சுலபம், செலவில்லாதது. அந்த விளிம்பில் நிற்கிறவர் நம்மிடம் கொண்டாட்டத்தைக் கேட்கவில்லை. ஜெராக்ஸ் கேட்டார். கேள்விக்குறி போட்ட பக்கத்துக்கு வந்து உட்காரச் சொன்னார்.

எனக்குக் கிடைத்த நகலில் இல்லாத அந்த வயர் நிறப் பட்டியலை இருவரும் சேர்ந்து எழுதினோம். குறியீடுகளை நான் வேறு மேனுவலிலிருந்து எடுத்தேன், வயர்களை அவர் ஒவ்வொன்றாக உருவிப் பார்த்துச் சரி என்றார். ஒற்றை எழுத்து என்றால் ஒரே நிறம். இரண்டு நிறக் குறி சேர்ந்து வந்தால் முதலாவது மேல்தோல், இரண்டாவது அதன்மேல் ஓடும் கோடு. பி கறுப்பு, எல் நீலம், ஜி பச்சை, ஜிஆர் சாம்பல், எல்ஜி இளம்பச்சை, ஓ ஆரஞ்சு, ஆர் சிவப்பு, டபிள்யூ வெள்ளை, ஒய் மஞ்சள். சார்ட் பேப்பரில் எழுதி, ஷெட்டில் பையன்கள் நிற்கும் பக்கத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறது. டீ வாங்கப் போகும்போதும் வரும்போதும் கண்ணில்படும் இடம் அது.

இதைப் படிக்கிற நண்பர்களில் ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்தவர்கள் உங்கள் ஊர் ஷெட்டுக்கு ஒருமுறை போய், எந்த வண்டியின் மேனுவல் வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். வேண்டாம் என்று சொன்னால் எனக்கு எழுதுங்கள். நான் எழுதியதை மறுபரிசீலனை செய்கிறேன்.